பசுமை மின்சாரத்திற்கு ஒரு பொதுப் பேரேடு

சித்ரதுர்கா மாவட்டத்துச் சூரிய மின்நிலையம் ஒன்றிலிருந்து, பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு ஆலை மின்சாரம் வாங்குவதாகக் கொள்வோம். மின்கட்டமைப்பில் கலந்துவிட்ட மின்சாரத்தை இன்னாருடையது என்று பிரித்தறிய இயலாது. யார் எவ்வளவு செலுத்தினார், யார் எவ்வளவு எடுத்தார் என்பதைக் கணக்கு ஒன்றே சொல்லும். அக்கணக்கு 15 நிமிடத்திற்கு ஒன்றாக, நாளொன்றுக்கு 96 பகுதிகளாக எழுதப்படுகிறது. விற்பவர், வாங்குபவர், மின்பகிர்மான நிறுவனம் ஆகிய மூவரின் கணக்குகளும் ஒத்துப்போகாவிடில், பணம் நின்றுவிடும்.

இங்குதான் பிளாக்செயின் பயன்படுகிறது. மூவருக்கும் பொதுவான ஒரே பேரேடு அது. மீட்டர் அளவு ஒருமுறை பதிவானபின், மற்றவர் அறியாமல் அதனை ஒருவர் மட்டும் திருத்த முடியாது. ஒப்பந்த விலையையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே அதில் எழுதிவிட்டால், பட்டியல் தானே உருவாகும்.

நம் நாட்டில் இதற்கு முன்னோட்டம் உண்டு. லக்னோவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில், கூரைமேல் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்தைப் பிறருக்கு விற்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பவர்லெட்ஜர் நிறுவனம் அதற்குப் பிளாக்செயின் தளத்தை வழங்கியது.

ஆயினும், பேரேட்டிற்கு ஓர் எல்லை உண்டு. மீட்டர் தவறாகக் காட்டினால், அத்தவறே அழியாப் பதிவாகிவிடும். விதி மாறினால் அதனைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கில்லை. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம், குறிப்பிட்ட காலத்திற்குள் இயங்கத் தொடங்கும் சூரிய மின்நிலையங்களுக்கு மின்கடத்தல் கட்டணம் முதலியவற்றிலிருந்து பத்தாண்டு விலக்கு அளிப்பதாக 2014இல் ஆணையிட்டது. அதனை நம்பிப் பலர் முதலீடு செய்தனர். 2018 மே மாதத்தில் ஆணையம் அச்சலுகையை மாற்றியது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2019 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. அங்கே யூனிட் கணக்கில் பிழை இல்லை, வாக்குறுதியே வழக்காயிற்று.

2022ஆம் ஆண்டின் பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள், தகுதி வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தன. எனவே, சிறு தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இத்தகைய ஒப்பந்தங்கள் எட்டும் தொலைவில் வந்தன.

கையொப்பமிடுமுன் மூன்றைப் பார்ப்பது நலம். முதலாவது, மீட்டரைச் சோதிப்பவர் யார், எப்போது என்பது. இரண்டாவது, விதியோ கட்டணமோ மாறினால் சுமை யாரைச் சேரும் என்பது. மூன்றாவது, தொகை தவறினால் வங்கி உத்தரவாதம் உள்ளதா என்பது. இம்மூன்றிற்கும் ஒப்பந்தத்தில் தெளிவான விடை இருக்குமானால், பிளாக்செயின் அதனை உண்மையுடன் காக்கும். விடை இல்லாவிடில், இல்லாத ஒன்றை எந்தப் பேரேடும் எழுதித்தராது.