கிரைண்டருக்கு இடம் எங்கே?

கம்ப்யூட்டர் திரையில் சுழன்றுகொண்டிருந்த சமையலறையை அரை மணி நேரமாக அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்தார். சாம்பல் நிறக் கதவுகள், தொட்டால் திறக்கும் இழுப்பறைகள், மேடைக்கு மேல் தொங்கும் மூன்று விளக்குகள். விலை நாலரை லட்சம். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல கிரைண்டர எங்கப்பா வைக்கிறது?"

"அத யூட்டிலிட்டில வெச்சுக்கலாம் மேடம்."

"அப்படின்னா?"

"வாஷிங் மெஷின் இருக்கிற இடம் மேடம்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. கேட்லாக் சமையலறை யாரோ சாலட் நறுக்கும் வீட்டுக்காக வரைந்தது. இட்லி மாவு அரைக்கிற, 25 கிலோ அரிசி மூட்டை வந்து இறங்குகிற, 20 லிட்டர் தண்ணீர் கேன் நிற்கிற வீட்டுக்கு அது பொருந்தாது. அதனால் மறுபடி கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். கிரைண்டர், மிக்ஸி, அரிசி டின், குக்கர்கள், எண்ணெய் கேன், வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் இறங்கும் முறுக்கு அச்சு, பெரிய அண்டா. எது தினமும் கைக்கு வேண்டும், எது பரணுக்குப் போகலாம் என்று பிரித்ததுமே பாதி அலமாரி தேவையில்லை என்று தெரிந்துபோனது.

மதுரையில் எங்கள் வீடு 1996-ல் கட்டியது. எட்டுக்குப் பத்தடிச் சமையலறை. மேடைக்குக் கீழே செங்கல் தடுப்புகள், நடுவில் கடப்பாக் கல் தட்டுகள், முன்னால் கம்பியில் ஓடும் திரைச்சீலை. அதை இடித்துத் தள்ளிவிட்டு ப்ளைவுட் பெட்டிகள் வைப்பதுதான் முதல் திட்டம். எங்கள் கொத்தனார்தான் தடுத்தார். "கல்லு இருக்கும்போது பெட்டி எதுக்குக்கா? கரையான் அரிக்காது, தண்ணி ஊறாது. கதவ மட்டும் போடுங்க." மொத்தச் செலவில் பெரிய தொகையை மிச்சம் பிடித்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. கொத்தனார் கட்டிய தடுப்புகள் எதுவும் ஒரே அகலத்தில் இருக்காது. மேலே 22 அங்குலம் இருந்தால் கீழே 21 அரை. ஆசாரி ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். இழுப்பறை வேண்டுமென்றால், சேனல் நேராக ஓட உள்ளே தனியாக ஒரு சின்னப் பெட்டி அடிக்க வேண்டியிருக்கும். நாங்கள் இரண்டு இழுப்பறைகளோடு நிறுத்திக்கொண்டோம்.

கதவுக்கு எந்தப் பலகை என்பதில் கஞ்சத்தனம் கூடாது. எம்.டி.எஃப். பார்க்க வழவழப்பாக இருக்கும், சிங்க் அடியில் ஈரம் பட்டால் ரொட்டி போல ஊதிவிடும். பலகையில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. சந்தேகமிருந்தால் ஒரு துண்டு வாங்கிவந்து பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பார்க்கலாம். நாங்கள் செய்தோம், வீடு முழுக்க மரக்கடை வாசனை.

கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. தட்டாகக் கிடக்கும்வரை தங்கம், மேடையின் மேற்பரப்பாக வந்தால் எலுமிச்சையும் புளியும் பட்ட இடமெல்லாம் மெருகு போய்விடும். எனவே பழைய மேடை மேலேயே முக்கால் அங்குல கிரானைட்டைப் பதித்தோம். ஷோரூமை விட கல் அறுக்கும் யார்டுக்கே போனால் விலை குறைகிறது, பலகையையும் முழுசாகப் பார்த்து எடுக்கலாம். இணைப்பு சிங்க் பக்கமோ அடுப்புப் பக்கமோ வராமல் வெட்டச் சொல்லுங்கள். சிங்க்குக்காக வெட்டியெடுக்கும் துண்டையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அது சப்பாத்திக் கல்.

கல்லும் கலவையும் சேர்ந்து, 30 அங்குல மேடை 31 அரையானது. முழங்கையை மடக்கி நின்று, தரையிலிருந்து அந்த உயரத்தில் நாலைந்து அங்குலம் கழித்தால் வருவதே மேடை உயரம். அம்மா நாலடி பதினோரு அங்குலம், அவருக்கு இது சரி. எனக்குக் கொஞ்சம் குனிய வேண்டும். வாக்குவாதம் நடந்தது. அதிகம் சமைப்பவர் உயரத்துக்குத்தான் மேடை, தவணை கட்டுபவர் உயரத்துக்கு அல்ல என்று தீர்ப்பானது.

சிங்க் வாங்கப் போனால் கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டுவார். ஒட்டவில்லை, அதனால் 304 கிரேடு என்பார். மலிவான 202 கிரேடும்தான் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குவது நல்லது.

வெளியே தெரியாத இடத்தில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். சுவருக்குள் பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. அதை சி.பி.வி.சி.க்கு மாற்றி, டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு இரவு முழுக்க அழுத்தத்தில் தண்ணீரை நிறுத்திக் கசிவு பார்த்தோம். ஒரு எல்போ இணைப்பில் கசிந்தது. டைல்ஸ் ஒட்டியபின் கசிந்திருந்தால் ஒரு சுவரையே உடைத்திருப்போம். கரண்ட் விஷயமும் அப்படியே. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்கேற்ற தடிமனில் வயரும் வேண்டும். ஷாக் அடிக்காமல் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. சிம்னிக்கான ஓட்டையை டைல்ஸுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். குழாய் எத்தனை முறை வளைகிறதோ அந்த அளவுக்கு இழுவை குறையும்.

கேஸ் சிலிண்டரைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது இப்போதைய மோஸ்தர். சமையல் வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அந்தக் கதவின் அடியில் காற்றுத் துளைகள் இல்லாமல் செய்யவே கூடாது. ஆசாரி மறந்திருந்தார். மாட்டிய கதவைக் கழற்றித் துளை போட வைத்தேன். ரப்பர் குழாயையும் அப்போதே மாற்றிவிடுங்கள், அதன் ஆயுள் ஐந்து வருஷம்தான்.

எல்லாம் முடிந்தபோது ஒன்றே முக்கால் லட்சம் ஆகியிருந்தது. இடிபாடு ஏற்றிய வண்டி வாடகையும், மூன்று வாரத்தில் ஹாலில் சமைக்க முடியாத நாட்களில் வாங்கிய ஹோட்டல் சாப்பாடும் தனிக்கணக்கு. அவற்றை நான் முதலிலேயே எழுதவில்லை.

கிரைண்டர் இப்போது மேடை முனையில், தனக்கென்று ஒரு பிளக் பாயின்ட்டோடு நிற்கிறது. அம்மாவுக்குத் திருப்தி. முதல் ஞாயிற்றுக்கிழமை சட்னிக்குத் தேங்காய் துருவ வந்தவர், துருவியை மேடை விளிம்பில் மாட்டப் பார்த்தார். விளிம்பு கனமாகத் தெரியட்டும் என்று அடியில் இன்னொரு கல்பட்டை ஒட்டி உருட்டியிருந்தோம். கவ்வி அந்த அளவுக்கு விரியவில்லை. விரிந்திருந்தாலும் கீழே கதவு இடித்திருக்கும்.

அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து அரிவாள்மணையை இறக்கச் சொல்லி, புது டைல்ஸ் தரையில் காலை மடித்து உட்கார்ந்தார்.