எட்டக்கூடிய இலக்கை வகுப்பது எப்படி? 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய அப்பளத் தொழில் கற்றுத்தரும் கணக்கு

புதிய நிதியாண்டு தொடங்கும்போது, 'இந்த ஆண்டு விற்பனையை இரட்டிப்பாக்க வேண்டும்', 'வருமானத்தில் பாதியைச் சேமிக்க வேண்டும்' என்று பலர் தீர்மானிக்கின்றனர். சில மாதங்களிலேயே அத்தீர்மானங்கள் கைவிடப்படுவதும் உண்டு. சிறுதொழில் செய்வோருக்கு இது ஏமாற்றத்துடன் முடிந்துவிடுவதில்லை. தவறான இலக்கை நம்பி வாங்கிய கடன், அந்த இலக்கு கைவிடப்பட்ட பின்னரும் மாதத் தவணையாகத் தொடர்கிறது. எனவே, இலக்கை வகுக்கும்போதே அது எட்டக்கூடியதுதானா என்று கணக்கிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

நான்கு பாக்கெட்டுகளில் தொடங்கிய பயணம்

இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு, 'லிஜ்ஜத்' அப்பளத்தைத் தயாரிக்கும் ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக் அமைப்பு. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி, மும்பை கிர்காவ் பகுதியில் உள்ள ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் தயாரிக்கத் தொடங்கினர். முதலீடு, சமூக சேவகர் சகன்லால் கரம்சி பரேக்கிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாய். முதல் நாள் உற்பத்தி, நான்கு பாக்கெட்டுகள். அவற்றை புலேஷ்வர் பகுதி வியாபாரி ஒருவரிடம் விற்றனர்.

அந்தப் பெண்களிடம் இருந்தவை சமையல் திறன், வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைத்த நேரம், காய வைப்பதற்கு ஒரு மாடி ஆகியவை மட்டுமே. அந்த அளவுக்குள் அடங்கும் பொருளையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். நட்டம் ஏற்பட்டாலும் யாரிடமும் நன்கொடை பெறுவதில்லை என்றும் முடிவு செய்தனர். எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதும் தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தது. முதல் ஆண்டில் அவர்களது விற்பனை 6,196 ரூபாய்.

மழை வந்தபோது மாறியது வழிமுறை

அந்த முதல் ஆண்டிலேயே தடையும் வந்தது. மழைக்காலத்தில் அப்பளத்தை வெயிலில் காய வைக்க இயலாததால், உற்பத்தி நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கப்பட்டன. கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தியதால் மழையிலும் வேலை தடைபடவில்லை. இலக்கைக் குறைக்காமலும், பெரும் செலவில் இயந்திரம் வாங்காமலும், கையில் இருந்த பணத்துக்குள் வழிமுறையை மட்டும் அவர்கள் மாற்றினர்.

தொடக்கத்தில் உயர்தரம், குறைந்த விலையில் விற்கச் சற்றே தாழ்ந்த தரம் என இரு வகை அப்பளங்கள் தயாரிக்கப்பட்டன. பரேக்கின் அறிவுரைப்படி ஒரே தரம் என்ற முறைக்கு அமைப்பு மாறியது. இன்று நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இணைந்துள்ளனர். நிறுவனர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வல்லுநர்கள் கூறுவது என்ன?

அமெரிக்க மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இலக்குக்கு ஐந்து பண்புகள் வேண்டும் என்றார். அது குறிப்பாக இருக்க வேண்டும். அளவிடக்கூடியதாக இருக்க வேண்டும். யார் பொறுப்பு என்பது தெரிய வேண்டும். இருக்கும் வளங்களைக் கொண்டு நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். காலவரம்பு இருக்க வேண்டும். 'ஸ்மார்ட்' என்ற பெயரில் பயிற்சி வகுப்புகளில் இன்று கற்பிக்கப்படுவது இதன் வழிவந்ததே.

ஆயினும், எட்டக்கூடியது எது என்பதை மதிப்பிடுவதில்தான் பலரும் தவறுகின்றனர். ஒரு பணிக்கு ஆகும் காலத்தையும் செலவையும் மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் சுட்டிக்காட்டினர். தமது திட்டத்தை மட்டும் பாராமல், அதுபோன்ற பணிகள் முன்னர் எவ்வாறு முடிந்தன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கூறிய தீர்வு.

ஒரு தையல் கடையின் கணக்கு

இதை எளிய கற்பனைக் கணக்கு ஒன்றின் மூலம் புரிந்துகொள்ளலாம். தனியாகத் தையல் கடை நடத்தும் ஒரு பெண், நாளொன்றுக்கு நான்கு ரவிக்கைகள் வீதம் மாதத்தில் 25 நாள்கள் தைக்கிறார். ஒன்றுக்குக் கூலி 200 ரூபாய் எனில், மாத வரவு 20,000 ரூபாய். வாடகை, மின்சாரம், நூல் ஆகியவற்றுக்கு 7,000 ரூபாய் போக, 13,000 ரூபாய் மிஞ்சுகிறது.

வரவை இரட்டிப்பாக்க விரும்பும் அவர், கடனில் ஓர் இயந்திரம் வாங்கி, ஓர் உதவியாளரை நியமிக்கிறார். உதவியாளர் சம்பளம் 12,000 ரூபாய், கடன் தவணை 2,000 ரூபாய், கூடுதல் நூல் செலவு 2,000 ரூபாய். நாளொன்றுக்கு எட்டு ரவிக்கைகளுக்கு வேலை கிடைத்தால் வரவு 40,000 ரூபாயாக உயரும். செலவும் 23,000 ரூபாயாக உயர்வதால் மிஞ்சுவது 17,000 ரூபாய். ஆறு ரவிக்கைகளுக்கு மட்டுமே வேலை வந்தால் வரவு 30,000 ரூபாய், செலவு 22,000 ரூபாய். அப்போது மிஞ்சும் 8,000 ரூபாய், அவர் முன்பு ஈட்டியதைவிடவும் குறைவு.

மாறாக, அவரே நாளொன்றுக்கு ஓர் ரவிக்கை மட்டும் கூடுதலாகத் தைத்தால் வரவு 25,000 ரூபாய், செலவு 7,500 ரூபாய். மிஞ்சுவது 17,500 ரூபாய். அதாவது, கடனும் ஆளும் இன்றி எட்டக்கூடிய சிறிய இலக்கு, இரட்டிப்பு இலக்கு முழுமையாக வெற்றி பெற்றால் கிடைப்பதைவிடச் சற்று அதிகம் தருகிறது. ஐந்து ரவிக்கைகளுக்கு மேல் வேலை தொடர்ந்து வந்து, திருப்பி அனுப்ப நேரும்போது இரண்டாவது இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

படிப்படியாக உயரும் கடன்

சாலையோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. முதலில் 10,000 ரூபாய், அதைத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20,000 ரூபாய், அதன் பின்னர் 50,000 ரூபாய் எனக் கடன் வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2025-ஆம் ஆண்டு முதல் இரு தவணைகளின் வரம்பு முறையே 15,000 ரூபாயாகவும் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு படியை நிறைவு செய்ததே அடுத்த படிக்கான தகுதியாகிறது.

குடும்பச் சேமிப்புக்கும் இதுவே வழி

தனிப்பட்ட இலக்குகளுக்கும் இம்முறை பொருந்தும். வருமானத்தில் பாதியைச் சேமிக்கத் தீர்மானிக்கும் முன், கடந்த ஆறு மாதங்களில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்று கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் மிஞ்சியிருந்தால், முதல் இலக்கு 1,500 ரூபாயாக இருக்கலாம். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்க முடியும். பள்ளிக் கட்டணம், பண்டிகைச் செலவு, மருத்துவச் செலவு ஆகியவை வரும் மாதங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால், ஒரு மாதம் தவறியதற்காக முழுத் திட்டத்தையும் கைவிட நேராது.

கைவிடுவதற்கும் கணக்கு உண்டு

லிஜ்ஜத்தின் எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. 1961-இல் மும்பை மலாடில் கிளை தொடங்கும் முயற்சி பலனளிக்கவில்லை. பின்னாளில் மேற்கொண்ட தோல் பொருள், தீப்பெட்டி, ஊதுவத்தி முயற்சிகளும் நிலைக்கவில்லை. எனினும் அப்பளத் தொழில் அவற்றால் நின்றுவிடவில்லை. புதிய முயற்சி தோற்றாலும், பிழைப்புக்கு ஆதாரமான தொழில் பாதிக்கப்படாத அளவில் அதை வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

ஆகவே, இலக்கை எழுதும்போது அதனருகே மூன்று விவரங்களையும் எழுதி வைப்பது நல்லது. இன்று கையில் உள்ள பணமும் நேரமும் எவ்வளவு, எந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்யப்படும், எவ்வளவு இழப்பு ஏற்பட்டால் நிறுத்திக்கொள்ளப்படும் என்பவையே அவை. இம்மூன்றுக்கும் எண்களில் விடை எழுத முடியாவிட்டால், அந்த இலக்கை நம்பிக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதைத் தள்ளிவைப்பதே விவேகம்.