கைவேலையின் விலை

நெல்லுக்கும் புடைவைக்கும் விலை கூறுதல் எளிது. கண்முன் கிடக்கும் பொருளை அளந்தும் எண்ணியும் பார்க்கலாம். கைவேலைக்கு விலை கூறுதல் அத்துணை எளிதன்று. அதிலும், தொழிலைப் புதிதாகக் கற்றவர்க்கு அது பெரும் இடராகும். நகங்களுக்குப் பூச்சிட்டு அழகு செய்யும் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரை மாணவர் அறிவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் அங்குப் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றது. பொன்னுக்கென ஒரு வாரியம் வைத்த ஊர் அது! ஆயினும், கைத்திறனின் மாற்றை உரைத்துக் காணும் கல் எவ்வூரிலும் இல்லை. அதனை அவரவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கருநாடகத்து உஜிரேயில் 1982-இல் தொடங்கிய முயற்சியைப் பின்பற்றி, வங்கிகள் நாடெங்கும் ஊரகத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. தையல், அழகுக்கலை முதலியன அங்குக் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுகின்றன. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண் ஒருத்தி இவ்வாறு கற்றுத் திரும்புவதாகக் கொள்வோம். அவளிடம் முதலில் வருவோர் உறவினரும் அயலாருமே. “என்னம்மா தர வேண்டும்?” என்று அவர்கள் கேட்பர். “நீங்களே பார்த்துக் கொடுங்கள், அத்தை” என்று அவள் நாணத்துடன் கூறுவாள். இடர் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த நாணத்திற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் நகத்துக்குச் செம்மை ஊட்டியது மருதாணி. இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, ஒருவர் கைக்கு ஒருவர் இட்டு மகிழ்ந்தனர். அதற்குக் கூலி கேட்டாரில்லை. இன்றைய ஜெல் பூச்சோ வேறு வகையது. நகத்தை அராவிச் செம்மை செய்து, அடிப்பூச்சு, வண்ணப்பூச்சு, மேற்பூச்சு என ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, அவ்வப்போது புறஊதாக் கதிர் விளக்கின்கீழ் இறுகச் செய்தல் வேண்டும். அது நகத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்கும்.

இனிக் கணக்கைக் காண்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஒருவருக்குச் செலவாகும் பூச்சு, பஞ்சு முதலியவற்றின் விலை 60 ரூபாய். விளக்கும் கருவிகளும் 6,000 ரூபாய். அவை 600 பேருக்கு உழைக்குமாயின், ஆளுக்கு 10 ரூபாய். அறை வாடகையும் மின்கட்டணமும் திங்களுக்கு 1,500 ரூபாய். நாளொன்றுக்கு இருவராக 25 நாளில் ஐம்பதின்மர் வந்தால், ஆளுக்கு 30 ரூபாய். ஆக, 100 ரூபாய் ஆயிற்று. அவள் நாணி 100 ரூபாய் மட்டும் வாங்கினால், அவளுடைய உழைப்புக்கு ஒரு காசும் மிஞ்சாது!

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்குக் குறித்த நாட்கூலி 319 ரூபாய். தொழில் கற்று முதலும் இட்டவள் 450 ரூபாய் விரும்புதல் மிகையன்று. இருவர் மட்டுமே வந்தால், ஆளுக்கு 225 ரூபாய் கூலி சேர்ந்து விலை 325 ஆகும். மூவர் வந்தால் கூலி 150, வாடகை 20. விலை 240 போதும். வேறுபாடு 85 ரூபாய். வாராதவருக்காகக் காத்திருந்த பொழுதின் விலை அது. கற்றுக்குட்டிகள் பெரும்பாலும் மறப்பதும் இதனையே. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் குறைவாதலால், காத்திருக்கும் பொழுது இன்னும் நீளும்.

விலையை மிகக் குறைத்தவள் எதையேனும் சுருக்க நேரும். பெரும்பாலும் கருவிகளைத் தூய்மை செய்வதே முதலிற் சுருங்கும். ஒருவர் நகத்திலுள்ள பூஞ்சை நோய், அரத்தின் வழியே மற்றவர்க்குப் பரவக்கூடும். ஆதலின், தூய்மைச் செலவில் கைவைத்தல் கூடாது.

அப்படியாயின், புதியவள் சலுகை அளித்தலே தவறா? அன்று. முழு விலையைப் பலகையில் எழுதி, அதன் கீழே, “தொடக்கச் சலுகை, இத்தனை நாள் வரை” என்று குறித்தால் போதும். நூறு ரூபாய்க்குப் பழகியவரிடம் திடீரென 300 கேட்டால் சினம் எழும்; சலுகை முடிந்தது என்றால் எவரும் சினவார். ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தையும், அன்று வந்தோர் எண்ணிக்கையையும் ஏட்டிற் குறித்துவரின், மூன்று திங்களில் அவள் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளலாம்.