தண்ணீருக்குச் சாட்சி சொல்லும் மட்டி



ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஒரு கூட்டத்திற்காகச் சென்றிருந்தேன். லயத்திற்குக் கீழே ஓடும் ஆற்றில் ஓர் அண்ணன் மருந்தடிக்கும் டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். சற்றுக் கீழே இரண்டு பெண்கள் துணி துவைத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை அதே தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தது.

"அக்கா, மேலே மருந்து டாங்கி கழுவுறாங்களே" என்றேன்.

"ஓடுற தண்ணி அழுக்காகுமா மிஸ்? அடியில கெடக்குற கல்லுகூடத் தெரியுது பாருங்க" என்றார் ஒருவர்.

அந்த அண்ணனோ, "கழுவ வேற எடம் இல்லைங்க மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் சுத்தமானதா? இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் ஒரு சிறிய உயிரிடம் பதில் தேடினார்கள். அதுதான் மட்டி. நம் நாட்டின் தாழ்நிலக் குளங்களிலும் ஆறுகளிலும்கூட நன்னீர் மட்டிகள் வாழ்கின்றன.

மட்டி இரண்டு ஓடுகளுக்குள், மணலில் பாதி புதைந்து வாழும். ஒரு துவாரத்தால் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணிய பாசியையும் கிருமிகளையும் பூக்களால் வடித்து உண்டு, மறு துவாரத்தால் தண்ணீரை வெளியே விடும். வளர்ந்த மட்டியொன்று ஒரு நாளில் பல லீற்றர் தண்ணீரை இவ்வாறு வடிக்கும். ஆனால் தண்ணீரில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தால் அவை அதன் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிடும். போத்தலில் எடுத்த தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். மட்டியின் சதையோ பல மாதக் கணக்கைச் சொல்லும்.

இதை உணர்ந்த அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க், உலகக் கரையோரங்களின் மாசடைவை மட்டிகளைக் கொண்டு கண்காணிக்கலாம் என்று 1975இல் யோசனை கூறினார். 1986இல் அமெரிக்கா இதனைத் தேசிய வேலைத்திட்டமாகவே ஆரம்பித்தது. அவை கடல் மட்டிகள். ஆற்று மட்டிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஒக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியை கேரின் வான். மட்டியின் கழிவு ஆற்றுப் பாசிக்கு உரமாகிறது. பாசியைத் தின்று பூச்சிகள் வாழ்கின்றன. பூச்சிகளால் மீன்கள் வாழ்கின்றன. மட்டிக் குஞ்சுகளோ மீனின் பூக்களிலும் செட்டைகளிலும் ஒட்டியே வளர்கின்றன. ஒன்று அழிந்தால் மற்றதும் தளர்ந்துவிடும்.

போலந்து நாட்டின் வார்சோ நகரில் குடிநீருக்கு 8 மட்டிகள் காவல் இருக்கின்றன. அவற்றின் ஓடு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைக் கணினி கவனிக்கிறது. தண்ணீரில் நஞ்சு கலந்தால் மட்டி சட்டென்று ஓட்டை மூடிக்கொள்ளும். பல மட்டிகள் ஒன்றாக மூடினால் எச்சரிக்கை மணி ஒலிக்கும்.

நம் மலைகளில் அப்படிக் காவல் இல்லை. புல்லுக்கு அடிக்கும் மருந்தும், தேயிலைக்கும் நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்கும் இடும் உரமும், மலசலகூடக் கழிவும் மழையோடு கான் வழியே ஆற்றில் இறங்குகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கமுள்ள கெஹெல்கமு ஓயாவும் மவுசாகலை நீர்த்தேக்கமுள்ள மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கை ஆகிறது. கொழும்பு மக்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். ஆனால் கொழும்புக்குப் போகுமுன் அது சுத்திகரிக்கப்படுகிறது. கீழ் லயத்துப் பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது.

"நாங்கதான் கொதிக்க வைக்கிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். அது மிக நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். வாந்திபேதிக் கிருமிகள் கொதியில் சாகும். ஆனால் புல்லு மருந்தும் உலோகமும் கொதித்தாலும் போகாது. ஆகவே இது ஒரு தாய் தன் அடுப்படியில் தனியாகத் தீர்க்கக்கூடிய பிரச்சினையல்ல. ஆற்றங்கரையிலேயே தடுக்க வேண்டியது.

நாம் செய்யக்கூடியவை என்ன? மருந்து டாங்கியை ஆற்றிலோ பீலியிலோ கழுவ விடக்கூடாது. கழுவிய தண்ணீரை, மருந்தடித்த மலையிலேயே தெளித்துவிடலாம். வெற்று மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வாங்கவே கூடாது. பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றைச் சுற்றி வேலியடைக்க வேண்டும். டாங்கி கழுவத் தண்ணீர் வசதியுடன் ஆற்றுக்குத் தூரமாக ஓர் இடம் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் மாதர் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்த அண்ணனைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு வேறு இடமில்லை என்பதுதானே உண்மை.

அன்று அந்தக் கூட்டத்தில் வேறு விடயம் பேசவே போயிருந்தேன். கடைசியில் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். துணி துவைத்த அக்காதான் முதலில் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

நஞ்சு வந்தால் மூடிக்கொள்ள மட்டிக்கு ஓடு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம்தான் இருக்கிறோம்.