பிரித்துப் பூட்டிய எஞ்சினும் பொறி விழும் நேரமும்

எஞ்சின் வேலை முடிந்து, புதுப் பிஸ்டனும் வளையங்களும் போட்டு, தலையை இறுக்கிப் பூட்டிய பின்னரும் லாரி கிளம்பவில்லை என்றால், உடையவர் மனம் தளர்வது இயல்பே. பணம் செலவாகிவிட்டது, வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது, மீண்டும் தலையைக் கழற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். இத்தகைய வேளையில் முதலில் ஐயுற வேண்டியது உள்ளே போட்ட உறுப்புக்களை அன்று; பொறி விழும் நேரத்தையே. அதைச் சோதிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டுவதில்லை.

இன்று நம் சாலைகளில் ஓடும் லாரிகளிற் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். எனினும் பழைய பெட்ரோல் லாரிகளைப் பேணி வருவோர் இன்றும் உளர். 1928-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். 1954-இல் அவ்வேலை நின்றது. அவ்வகை லாரிகளில் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நேரம் ஏன் முக்கியம்?

பெட்ரோல் கலவை பொறி பட்டவுடன் ஒரே கணத்தில் எரிந்து தீர்வதில்லை. அதற்குச் சுமார் ஐந்நூறில் ஒரு விநாடியாவது வேண்டும். நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில், அந்தச் சிறு பொழுதிற்குள் க்ராங்க் 24 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் மேல்முனையை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி விழுதல் வேண்டும்.

பொறி பிந்தி விழுந்தால் இழுவை குறையும், ரேடியேட்டர் கொதிக்கும், புகைக்குழாய் பழுக்கக் காயும், பெட்ரோலும் வீணாகும். முந்தி விழுந்தால் மேட்டில் ஏறும்போது சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். புதிதாகப் போட்ட பிஸ்டனும் பேரிங்குமே அந்த அடியை வாங்குகின்றன. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று ஓட்டிப் பார்ப்பது, செய்த செலவை மறுபடியும் செய்வதற்கு வழியாகும்.

சோதிக்கும் முறை

முதலாவது, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அத்துளையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, எஞ்சினை மெல்லத் திருப்பச் செய்க. காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் அழுத்த வீச்சில் மேலே வருகிறது என்பது பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றே சுற்றுகிறது. எனவே பிஸ்டன் ஒரு முறை அழுத்தத்திற்காகவும், மறுமுறை புகையை வெளியேற்றவும் மேலே வருகிறது. பின்னதை முன்னதென்று எண்ணிப் பூட்டினால், எஞ்சின் கார்புரேட்டர் வழியே வெடிக்குமே தவிர ஓடாது. முதல் சிலிண்டரின் இரு ராக்கர்களும் சற்றுத் தளர்ந்து அசைகின்றனவா என்று பார்ப்பதும் நல்ல சோதனையே.

இரண்டாவது, குறியைப் பார்க்க வேண்டும். செவர்லே எஞ்சினில் பிளைவீலில் ஓர் எஃகுக் குண்டு பதித்திருக்கும். கூட்டிலுள்ள சிறு சாளரத்தில் அது முள்ளுக்கு நேரே வரும்போது, பிஸ்டன் மேல்முனைக்கு 5 டிகிரி கீழே இருக்கிறது. வேறு எஞ்சின்களில் முன் கப்பியில் கோடிட்டிருக்கும். சில கப்பிகளின் வெளிவளையம் ரப்பரின் மேல் அமைந்தது. ரப்பர் நொந்தால் வளையம் நழுவிக் குறியும் பொய்யாகும்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர் முழுதும் கீழே அமர்ந்திருக்கிறதா என்று காண்க. அதன் பற்சக்கரம் சாய்ந்த பற்கள் உடையது. ஆதலால் உள்ளே இறங்கும்போதே தண்டு சிறிது திரும்பும். அத்திருப்பத்தை எதிர்பார்த்தே இறக்க வேண்டும். இந்த எஞ்சினில் ஆயில் பம்பையும் இத்தண்டே சுழற்றுகிறது. முனை பம்பின் பிளவில் பொருந்தாமல் எஞ்சினைக் கிளப்பினால், எண்ணெயின்றிப் புதுப் பேரிங்குகள் சில நிமிஷங்களிற் கெடும்.

நான்காவது, பிளக் கம்பிகளின் வரிசை. இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. ரோட்டார் சுழலும் திசையிலேயே கம்பிகளை இவ்வரிசைப்படி செருக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் பழைய லாரி, எஞ்சின் வேலைக்குப் பின் இருமிக்கொண்டே ஓடியது. வால்வுகளைத் திரும்பத் தேய்க்க வேண்டும் என்று பட்டறையிற் கூறிவிட்டனர். ஐந்தாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் இடம் மாறியிருந்ததை அவர் மகனே கண்டுபிடித்தான். செலவு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, பாயிண்டுகளின் இடைவெளி. இதை அந்தந்த எஞ்சினின் கைப்புத்தகத்தில் உள்ளபடி முதலில் அமைத்து, அதன் பின்னரே நேரத்தை அமைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். இவ்வரிசையை மாற்றிச் செய்தவர் இரண்டு முறை உழைக்க நேரும்.

பின்னர் எஃகுக் குண்டை முள்ளுக்கு நேரே நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் கம்பி முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்துச் சாவியைப் போடுக. டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுழலும் திசையில் சிறிது திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் திருப்புக. பல்பு எரியத் தொடங்கும் அக்கணமே பாயிண்டு திறக்கும் கணம். அங்கே திருகை இறுக்குக.

கைக்குக் காவல்

நேரம் முந்தியிருக்கும் எஞ்சினுக்கு ஹாண்டில் போடுவது அபாயம். அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு ஒடியும். கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, ஹாண்டிலைக் கீழிருந்து மேலே இழுக்கவேண்டுமேயன்றி, மேலிருந்து கீழே அழுத்தலாகாது.

இவ்வளவும் சரியாக இருந்து, நின்ற நிலையில் நன்கு ஓடும் எஞ்சின் வேகத்தில் மட்டும் சோர்ந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகள் துருவேறி இறுகியிருக்கலாம். வேகத்திற்கேற்பப் பொறியை முந்தச் செய்பவை அவையே. ஆறு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒருங்கே குறைவாக இருந்தால் மட்டுமே, க்ராங்க், காம் ஷாப்ட் பற்சக்கரங்களின் புள்ளிகள் நேராகப் பூட்டப்பட்டனவா என்று முன்மூடியைத் திறக்க வேண்டும். அது கடைசிச் சோதனை, முதற் சோதனையன்று.

நாமக்கல்லிலிருந்து வடக்கே வரும் டீசல் லாரிகளில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. ஆயினும் எண்ணெயைப் பீய்ச்சும் நேரம் அங்கும் உண்டு. இயற்கை எரிவாயுவில் ஓடும் லாரிகளிற் பொறியின் நேரத்தை மின்னணுக் கருவி கணிக்கிறது. கருவி மாறினும் நியதி மாறவில்லை. ஆகவே தலையைக் கழற்றச் சம்மதிக்குமுன், "நேரத்தைச் சோதித்தீர்களா? எந்த வரிசையிற் சோதித்தீர்கள்?" என்று பட்டறையிற் கேளுங்கள். அவ்விரு கேள்விகளால் ஒரு மாத வருவாய் மிஞ்சக்கூடும்.