குளிராத ஏ.சி.க்குக் கேஸ் மட்டும்தானா காரணம்?

நம் சங்கத்தின் சித்திரைக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நண்பர் ஒருவர், "கேஸ் போட்டும் கார் ஏ.சி. குளிரவில்லை சார்" என்று அலுத்துக்கொண்டார். "கிளட்ச் சேர்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். விழித்தார். மூன்று வருஷங்களுக்கு முன் நானும் அப்படி விழித்தவன்தான்.

நாக்பூர் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோடையில் என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, வாரம் மூன்று நாள் மதியம் இரண்டு மணிக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. கார் 2004-ஆம் வருஷத்தது. காலையில் நன்றாகக் குளிரும் ஏ.சி., மதியம் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஒரு பட்டறையில் இரண்டு முறை கேஸ் நிரப்பினார்கள். மூன்றாம் முறை, கம்ப்ரஸரே போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்த வாரம் ஒரு சிக்னலில் நிற்கும்போது அவள் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். 36 வருஷம் ரயில்வேயில் மின்சார எஞ்சின்களில் பழுது தேடியவன், சொந்தக் காரின் பானட்டைத் திறந்து பார்க்கவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று.

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கார் எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸரின் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ப்ளோயரையும் ஏ.சி. சுவிட்சையும் போட்டதும் அதற்குள் இருக்கும் மின்காந்தச் சுருள், முன்பக்கத் தட்டை இழுத்துப் புல்லியோடு சேர்க்கும். 'டக்' என்று சத்தம் கேட்கும். தட்டும் சேர்ந்து சுற்றியும் குளிரவில்லை என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். தட்டு அசையவே இல்லை என்றால் முதலில் மின்சாரத்தைத் தேடுங்கள். (வேட்டியோடு குனிய வேண்டாம். பெல்ட் இருக்கிறது, ரேடியேட்டர் விசிறி எந்த நேரமும் சுற்ற ஆரம்பிக்கும்.)

மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாகச் சுருளுக்குப் போய், எர்த் வழியாகத் திரும்புகிறது. ரிலே வேலை செய்ய ப்ளோயர் சுவிட்ச், தெர்மோஸ்டாட், கேஸ் அழுத்த சுவிட்ச் எல்லாம் சம்மதிக்க வேண்டும். எல்லா பாயிண்டும் சரியாக இருந்தால்தான் சிக்னல் விழும் என்பது போலத்தான். ஃப்யூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். இரண்டு முனையிலும் சோதியுங்கள். ரிலே சந்தேகம் என்றால், அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அழுத்த சுவிட்சை மட்டும் வயர் போட்டு இணைத்து ஓட்டாதீர்கள். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் பாழாகாமல் காக்கவே அந்த சுவிட்ச்.

என் காரில் இவை எல்லாம் சரியாக இருந்தன. சுருளின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வயரிங்கில் குறையில்லை என்று முடிவு கட்டினேன். அங்கேதான் தவறினேன். கரண்ட் ஓடாதபோது, துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்டேஜைக் காட்டும். பிளக்கைத் திரும்ப மாட்டி, ஏ.சி.யை ஓடவிட்டு அளந்தபோது சுருளுக்குக் கிடைத்தது 10 வோல்ட்தான். அதன் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 3 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. அங்கே 0.2-க்கு மேல் இருக்கக்கூடாது. எர்த் வயர் பாடியில் போல்ட்டால் இறுகும் இடத்தில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, வாசலின் தடவினேன். அவ்வளவுதான்.

காலையில் மட்டும் எப்படி வேலை செய்தது? செம்புச் சுருள் 75 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் தடை ஏறத்தாழ 30 சதவீதம் உயரும். கரண்ட் குறையும், காந்தத்தின் பிடி தளரும். ஏற்கெனவே 10 வோல்ட்டில் தள்ளாடியது, மதியம் விட்டுவிடுகிறது. தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமானாலும் இதே கதைதான்.

எஞ்சின்களின் 110 வோல்ட் கண்ட்ரோல் சர்க்யூட்டில் பழைய ஃபிட்டர்கள் மீட்டரை விட்டு டெஸ்ட் லாம்பை எடுப்பார்கள். பல்ப் கரண்ட் இழுக்கும். இணைப்பு மோசமென்றால் மங்கும். காருக்கு, பிரேக் விளக்கின் 21 வாட் பல்பில் இரண்டு வயர் இணைத்தால் போதும். கிளட்ச், ஃப்யூஸ் பக்கம் மட்டும் வையுங்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஏர்பேக்குக்கும் போகிற வயர்களைத் தொடவே கூடாது.

ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள்.

நண்பரின் காரை மறுநாள் பார்த்தேன். ரிலேதான். ஹாரன் ரிலேயைச் செருகியதும் டக்கென்று சேர்ந்தது. கேஸுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டார். அது மின்சாரப் பழுது இல்லை, எனக்குத் தெரியாது என்றேன்.