சிவப்புக் கோடு போட்ட ட்யூப்

"அண்ணே, காலெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போச்சு. ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க." மருந்துக்கடையில் இப்படிக் கேட்பவர் கைக்குச் சில நேரம் வெறும் ஈரப்பதக் களிம்பு வரும், சில நேரம் ஸ்டீராய்டு வரும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி ட்யூப்தான்.

ஸ்டீராய்டு தடவினால் இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். அதனாலேயே 'நல்ல க்ரீம்' என்று பெயரெடுத்து வீடு முழுக்கப் புழங்கும். முகத்துக்குப் போகும், கைக்குழந்தைக்கும் போகும். வாரக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலியும். முகம் சிவந்து பருக்கள் கிளம்பும். தொடையிலும் அக்குளிலும் வரிவரியாகத் தழும்பு விழும். வறட்சி என்று நாம் நினைத்தது படையாக இருந்தால், அரிப்பு அடங்கியது போலக் காட்டிவிட்டுப் படை பரவிக்கொண்டே போகும்.

மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் 'எச்' அட்டவணை. வெளிப்பூச்சு என்பதால் ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு அதிலிருந்து நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை அந்த விலக்கிலிருந்து நீக்கியது. அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஆகவே வாங்குமுன் ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு, 'ஆர்எக்ஸ்' குறி, குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள், இவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவி வருபவர் சட்டென்று நிறுத்தினால் தோல் கொதித்துச் சிவக்கக்கூடும். அந்த ட்யூப்பையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

சாதாரண வறட்சிக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் தடவ வேண்டும். குதிகால் தடித்திருந்தால் யூரியா கலந்த க்ரீம் நன்றாக வேலை செய்யும்; ரத்தம் கசியும் வெடிப்பில் வேண்டாம், எரியும். சர்க்கரை நோயாளிகள் பிளேடால் சீவவே கூடாது. வெடிப்பு ஆழமானால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஜெல்லி ஊறிய துணியில் தீ எளிதில் பற்றும். தடவிய கையோடு, அதே சேலையோடு அடுப்படியில் நிற்காதீர்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். பாதிப்புக்கு இழப்பீடு கோரி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. காலி ட்யூப்பையும் பத்திரமாக வைத்திருங்கள், தொகுதி எண் அதில் இருக்கும்.